கெணத்துக் கல்லும் கடலுக்குள்ள போன செஸ் காயும்

போன மாசம் தம்பி பையன் ஒருத்தன் போன்ல ஒரு வீடியோ காட்டினான். நீலாங்கரைக் கடல், 60 அடி ஆழம், வேட்டி கட்டிக்கிட்டு செஸ் ஆடுறாங்க. "பெரியப்பா, இவங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று கேட்டான். எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் அந்தக் காய்கள் ஏன் மிதக்கவில்லை என்று யோசித்தேன். அதைப் பிடித்துக்கொண்டு ரெண்டு மூணு ராத்திரி படித்ததில் சேர்ந்த குறிப்புகள் இவை.

60 அடி என்றதும் எனக்குக் கடல் ஞாபகம் வரவில்லை, எங்க தொப்பம்பட்டிப் பக்கத்துக் கெணறுதான் ஞாபகம் வந்தது. எங்க பக்கத்துத் தோட்டங்களில் 60, 70 அடிக் கெணறு சாதாரணம். ஆனால் முழுக்கத் தண்ணி நிற்பது எப்போதாவது நல்ல மழை வருசத்தில்தான். நான் ஏழாவது படிக்கையில் எங்க பெரியப்பா தோட்டத்துக் கெணத்தில் சுமார் 20 அடித் தண்ணி கிடந்தது. லீவு நாளில் நாங்கள் அஞ்சாறு பேர் அதிலேயே கிடப்போம். தரையைத் தொட்டு ஒரு கைப்பிடி சேறு எடுத்து வருகிறவன் கெட்டிக்காரன். வெறுமனே முங்கினால் பாதிக்கு மேல் போக முடியாது, தண்ணி மேலே தள்ளும். அதனால் ஒரு கல்லைக் கட்டிப்பிடித்துக் குதிப்போம். கீழே போனதும் கல்லை விட்டுவிட்டு, சேறை அள்ளிக்கிட்டு ஒரே உதை, மேலே வந்துவிடலாம்.

அன்றைக்கு ஒரு பையன், பேர் வேண்டாம், அவனுக்கு இப்போது பேரப்பிள்ளை இருக்கிறது, கையில் கல் இருந்தால் சேறு அள்ள முடியவில்லை என்று அதைத் தேங்காநார்க் கயிற்றால் இடுப்பில் கட்டிக்கொண்டு குதித்தான். நாங்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம், ஒருத்தனுக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. அவன் வரவில்லை. தேங்காய் போட வந்திருந்த மரமேறி ஒருவர் எங்கள் கத்தல் கேட்டு ஓடி வந்து, இடுப்பில் இருந்த அரிவாளோடு அப்படியே குதித்தார். கயிற்றை அறுத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். பையன் வாந்தி எடுத்தான், பிழைத்தான். எங்க எல்லாருக்கும் பெரியப்பாகிட்ட அடி.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. தண்ணிக்குள் மனுசன் என்னென்னவோ கொண்டுபோயிருக்கிறான். வேடிக்கையானதும் உண்டு, பிழைப்புக்கானதும் உண்டு. எந்தப் பொருளை எடுத்துக்கொண்டாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: நினைத்த நொடியில் அதை விட முடியுமா, முடியாதா?

முதலில் கல்லின் கணக்கு. அந்தக் கல் 8 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கருங்கல் தண்ணியைவிட சுமார் 2.7 மடங்கு அடர்த்தி. தண்ணிக்குள் போனதும் அது விலக்கிய தண்ணியின் எடை, அதாவது கிட்டத்தட்ட 3 கிலோ, கழிந்துவிடும். மிச்சம் 5 கிலோதான் கீழே இழுக்கும். இதே 8 கிலோ ஈயம் என்றால் 7 கிலோவுக்கு மேல் இழுக்கும். ஸ்கூபா முக்குளிப்பவர்கள் இடுப்பில் ஈயக்கட்டி கோத்துக் கட்டுவது இதனால்தான். சின்ன இடத்தில் அதிக எடை.

அந்த 5 கிலோவோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். நம்மை மிதக்க வைப்பதில் பெரும்பங்கு நெஞ்சில் இருக்கும் காத்துக்குத்தான். ஒவ்வொரு 10 மீட்டர் தண்ணிக்கும், அதாவது 33 அடிக்கு, மேலே உள்ள காற்றுமண்டலம் அளவுக்கு இன்னொரு பங்கு அழுத்தம் கூடும். 20 அடியில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல 1.6 மடங்கு. ஒரு பையன் நெஞ்சில் 3 லிட்டர் காத்து இருந்தால் அங்கே அது 2 லிட்டருக்கும் கீழே சுருங்கிவிடும். மிதப்பில் ஒரு கிலோவுக்கு மேல் போச்சு. மேலே இருந்தபோது தாங்கிய உடம்பு கீழே போனதும் கனத்துவிடுகிறது. ஈரமான தேங்காநார் முடிச்சு இறுகியும்போகும். அந்தப் பையன் எவ்வளவு உதைத்தும் ஏன் மேலே வர முடியவில்லை என்பது எனக்கு இத்தனை வருசம் கழித்து இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் முழுசாகப் புரிந்தது.

இதை நம்ம ஆட்கள் எப்போதோ தெரிந்துவைத்திருந்தார்கள். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் கல்லோடுதான் இறங்கினார்கள். 10 கிலோவுக்கு மேற்பட்ட கல், அதில் கயிறு, கயிற்றில் காலை நுழைக்க ஒரு வளையம். ஒரு காலைக் கல்லில் வைத்து, சிப்பி போட வலைக்கூடையையும் எடுத்துக்கொண்டு இறங்குவார் குளிகாரர். தரை தட்டியதும் காலை எடுத்துவிடுவார். படகில் இருக்கிற ஆள் கல்லை உடனே மேலே இழுத்துக்கொள்வார். குளிகாரர் ஒரு நிமிசம், கொஞ்சம் முன்னேபின்னே, அகப்பட்ட சிப்பிகளை வாரிக் கூடையில் போட்டுவிட்டுக் கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவார். மேலே இருப்பவர் இழுப்பார். முத்துப்பார்கள் பலவும் 30 முதல் 60 அடி ஆழத்தில் இருந்தவை. 60 அடியில் அழுத்தம் 2.8 மடங்கு, நெஞ்சுக் காத்து மூணில் ஒரு பங்கு சொச்சமாகச் சுருங்கிவிடும். அங்கிருந்து தானாக மிதந்து வர முடியாது. அதனால்தான் குளிகாரரின் உயிர் கயிறு பிடித்தவர் கையில் இருந்தது.

கல் காலோடு கட்டப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். வளையத்தில் கால் நுழைந்திருக்கும், அவ்வளவுதான். எங்க கெணத்தில் அந்தப் பையன் செய்த தப்பை அந்தத் தொழிலில் ஒருத்தரும் செய்யவில்லை. செய்தவர்கள் சொல்ல வந்திருக்க மாட்டார்கள் என்பது வேறு விசயம்.

கல், கூடை தவிர இன்னொன்றும் அவர்கள் கூடவே போனது: மந்திரம். சுறாவின் வாயைக் கட்ட மந்திரவாதிகள் இருந்தார்கள், கடல்கட்டி என்று பேர். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, பெரிய மீன்களைக் கட்டிவைக்கிறவர்களுக்குக் கிடைத்ததில் இருபதில் ஒரு பங்கு கொடுப்பார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். ஐந்து சதவீதக் கமிசன்! பிற்காலத்தில் குளிப்பை நடத்திய அரசாங்கங்களும் கடல்கட்டியை விடவில்லை, அவர் இல்லாவிட்டால் குளிகாரர்கள் இறங்க மாட்டார்கள் என்பதால். நான் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. ஒரு நிமிசம் மூச்சடக்க வேண்டியவனுக்கு மனசு பதறினால் அரை நிமிசம்தான் தாங்கும். பதறாமல் இருக்க எது உதவினாலும் அது ஒரு கருவிதான். தூத்துக்குடிப் பக்கம் 1955 முதல் 1961 வரை நடந்ததோடு அந்தக் குளிப்புகள் நின்றுபோயின.

இப்போது நீலாங்கரைக்கு வருவோம். 2021 பிப்ரவரி 1 அன்று அங்கே கடலுக்கு அடியில் ஒரு கல்யாணமே நடந்தது. மென்பொருள் துறையில் வேலை பார்க்கும் மாப்பிள்ளையும் பொண்ணும், பாரம்பரிய உடுப்பில், 60 அடியில் மாலை மாற்றித் தாலி கட்டிக்கொண்டார்கள். மாப்பிள்ளைக்கு ஏற்கனவே முக்குளிக்கத் தெரியும். பொண்ணு அதற்காகவே பயிற்சி எடுத்தார். செய்தியில் எல்லாரும் புதுமை புதுமை என்று எழுதினார்கள். நான் ஒவ்வொரு பொருளாக யோசித்துப் பார்த்தேன்.

மாலை: நிலக்கோட்டைச் சந்தையில் வாங்கின சம்பங்கி மாலையை அப்படியே தண்ணியில் போட்டால் மிதக்கும். இதழ் இடுக்கில் எல்லாம் காத்து. கழுத்தில் போட்டால் மேலே எழும்பி முகத்தை மறைக்கும், வாயில் கடித்திருக்கும் மூச்சுக்குழாயில் மாட்டும். ஏதாவது எடை கோத்தால்தான் நெஞ்சில் படியும்.

தாலி: தங்கம் தண்ணியைப்போல 19 மடங்கு அடர்த்தி. கை நழுவினால் மணலுக்குள் நேரே இறங்கும். அதைத் தேடத் தனி முத்துக்குளிப்பு நடத்த வேண்டும்.

சேலை: பலரும் நினைப்பதுபோல சேலையின் கனம் தண்ணிக்குள் பிரச்சினை இல்லை. பருத்தியும் பட்டும் தண்ணியைவிடக் கொஞ்சம்தான் அடர்த்தி, உள்ளே அது கிட்டத்தட்ட எடையற்றுத்தான் நிற்கும். படகில் ஏறும்போதுதான் குடம் குடமாகத் தண்ணியைத் தூக்கிக்கொண்டு கனக்கும். உள்ளே இருக்கும் ஆபத்து வேறு. அஞ்சரை மீட்டர் துணி அலையும், காலில் சுற்றும், துடுப்புச் செருப்பில் மாட்டும். கெணத்திலும் குளத்திலும் தவறி விழுந்த பெண்கள் நீச்சல் தெரிந்தும் தப்பிக்க முடியாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வேட்டியும் அப்படித்தான், தார்பாய்ச்சிக் கட்டாமல் இறங்கினால் குடை மாதிரி விரியும். ஆகவே அந்தக் கல்யாணத்தில் நான் மெச்சுவது தாலி கட்டினதை அல்ல, அந்தத் துணிகளோடு ரெண்டு பேரும் நல்லபடியாக ஏறி வந்ததைத்தான். கூடவே பழகிய ஆட்கள் இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

இன்னொரு விசயம், நிறம். தண்ணி முதலில் தின்பது சிவப்பைத்தான். 15, 20 அடியிலேயே சிவப்பு மங்க ஆரம்பிக்கும். 60 அடியில் விளக்கு இல்லாமல் பார்த்தால் அரக்குச் சேலை கருப்பாகவோ சாம்பலாகவோ தெரியும். குங்குமமும் அப்படியே. மஞ்சள் கொஞ்சம் அதிக ஆழம் தாக்குப்பிடிக்கும். ஆழத்தில் கை கீறினால் ரத்தம் பச்சையாகத் தெரிகிறது என்று முக்குளிப்பவர்கள் சொல்வதும் இதனால்தான். புதிதாகக் கற்பவர்களுக்கு இதைக் காட்ட ஒரு தக்காளியை எடுத்துப்போவது வாத்தியார்களின் வழக்கம். கீழே கருத்துப்போய் நிற்கும் தக்காளி மேல் டார்ச் அடித்தால் பளிச்சென்று சிவப்பு வரும்.

முட்டையும் அப்படி ஒரு பாடப்பொருள். பச்சை முட்டையை ஆழத்தில் உடைத்து ஓட்டை எடுத்துவிட்டால் மஞ்சளும் வெள்ளையும் சிதறாமல் உருண்டையாக நிற்கும், கையில் வைத்துப் பந்து மாதிரி விளையாடலாம். ஆழத்தின் அழுத்தம்தான் பிடித்துவைக்கிறது என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அது சரியில்லை. அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரேமாதிரி இருக்கும்போது அது எதையும் பிடித்துவைக்காது. முட்டையின் அடர்த்தி தண்ணிக்கு ரொம்பப் பக்கம், அதனால் தண்ணியே அதன் எடையைத் தாங்கிக்கொள்கிறது. தன் கனத்தால் பரவி ஒழுக அதற்குக் காரணமில்லை. மஞ்சளைச் சுற்றி ஒரு சவ்வும் கெட்டி வெள்ளையும் வேறு உண்டு. சந்தேகம் இருந்தால் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணிக்குள் மெதுவாக முட்டையை உடைத்து விட்டுப் பாருங்கள். 60 அடி போக வேண்டியதில்லை. (முட்டை வீணாகாது, அப்படியே அடுப்பில் வைத்துவிடலாம்.)

செஸ்ஸுக்கு வருகிறேன். 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்ததை ஒட்டித்தான் அந்தக் கடலடி ஆட்டம். போட்டியின் சின்னமான, வேட்டி கட்டிய 'தம்பி' குதிரை வேடமும் கூட இறங்கியது. தம்பி பையன் கேட்டதற்குப் பதில் இது: மரக்காய் என்றால் மிதந்து போய்விடும். சாதாரண பிளாஸ்டிக் காய் மூழ்கினாலும் பக்கத்தில் ஒருத்தர் துடுப்பை ஆட்டினால் ராஜா ராணி எல்லாம் சரிந்துவிடும். உலோகமோ காந்தமோ, ஏதாவது கனம் வேண்டும். கடிகாரம் தனியாகத் தேவையில்லை. 60 அடியில் சிலிண்டர் காத்து மேலே இருப்பதைப்போல 2.8 மடங்கு வேகமாகத் தீரும். ரத்தத்தில் நைட்ரஜன் ஏறுவதால், நேராக மேலே வந்துவிட வேண்டும் என்றால் அந்த ஆழத்தில் இருக்கக்கூடிய நேரம் 55, 60 நிமிசம் என்றுதான் புழக்கத்தில் இருக்கும் அட்டவணைகள் சொல்கின்றன. யோசித்து யோசித்து நகர்த்துகிறவர் அங்கே தோற்றுவிடுவார். 2024 தேர்தலுக்கு முன்னால் ஓட்டு போடுவது எப்படி என்று அதே கடலில் இறங்கிக் காட்டினார்கள்.

அதே 2024 பிப்ரவரி 25இல் பிரதமர் மோடி துவாரகைக் கடலில் இறங்கியபோது எடுத்துப்போனது மயிலிறகு. கடலடியில் காணிக்கையாக வைத்தார். இறகு தானாக அடியில் நிற்காது, எதிலாவது செருகியோ கட்டியோ வைக்க வேண்டும். மாலத்தீவில் 2009 அக்டோபர் 17 அன்று அப்போதைய அதிபர் முகமது நஷீத் மந்திரிசபையையே கிரிஃபுஷி தீவுக் கடலில் இறக்கினார். மேசை போட்டு உட்கார்ந்து, கையால் ஜாடை பேசி, கரியமில வாயுவைக் குறைக்கச் சொல்லும் வேண்டுகோளில் கையெழுத்துப் போட்டார்கள். கடல் மட்டம் ஏறினால் நாடே தண்ணிக்குள் போகும் என்று காட்டத்தான். நான் படித்ததிலேயே காரணத்தோடு கொண்டுபோன மேசை அது ஒன்றுதான். எழுதுவதற்குச் சொரசொரப்பான பிளாஸ்டிக் சிலேட்டும் பென்சிலும் போதும், ஈரத்திலும் எழுதும். ஜப்பானின் சுசாமி ஊரில் 10 மீட்டர் ஆழத்தில் 1999 முதல் தபால்பெட்டியே இருக்கிறது, தண்ணி புகாத கார்டு எழுதிப் போட்டால் ஊர் போய்ச் சேரும். இங்கிலாந்தில் 2009 ஜனவரியில் 86 பேர் இஸ்திரிப் பெட்டியும் பலகையுமாக ஒரு குவாரித் தண்ணியில் இறங்கித் துணி தேய்த்தார்கள். அதற்கு விளக்கம் என்னிடம் இல்லை. இஸ்திரிப் பெட்டி நல்ல எடைக்கல் என்பது மட்டும் உண்மை.

இவை எல்லாம் கையில் இருப்பவை, வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். செஸ் காய், தக்காளி, இஸ்திரிப் பெட்டி, எதை விட்டாலும் நட்டமில்லை. உடம்போடு கட்டியிருப்பதுதான் வேறு. அதனால்தான் ஸ்கூபாவில் ஈய பெல்ட்டுக்கு முடிச்சே கிடையாது. ஒரு கையால், பார்க்காமலே, ஒரே இழுப்பில் கழன்று விழுகிற கொக்கிதான். அதைத் தனியாகப் பழக்குகிறார்கள். அப்படியும், விபத்தில் செத்து எடுக்கப்பட்டவர்களில் நிறையப் பேர் இடுப்பில் ஈயம் அப்படியே இருந்தது என்று விபத்து ஆய்வுகள் திரும்பத் திரும்ப எழுதுகின்றன. பதட்டத்தில் கை அந்தக் கொக்கியைத் தேடுவதில்லை. ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: சிலிண்டர் காத்தை ஆழத்தில் இழுத்தவர் பெல்ட்டை விட்டு மேலே வரும்போது மூச்சை விட்டுக்கொண்டேதான் வர வேண்டும். அடக்கினால் 60 அடியில் இழுத்த காத்து 2.8 மடங்கு விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். கெணத்தில் குதிக்கிற பையனுக்கு இந்த ஆபத்து இல்லை, அவன் கொண்டுபோன காத்து பழைய அளவுக்குத்தான் திரும்பும்.

ஸ்கூபாக்காரர்கள் பலர் ஒரு சின்னக் கத்தியோ நூல் அறுக்கிற கருவியோ வைத்திருப்பார்கள். சினிமாவில் வருகிற மாதிரி சுறாவைக் குத்த அல்ல, அறுந்து கிடக்கும் மீன்வலையில் மாட்டினால் அறுக்க. மரமேறி அன்றைக்கு அரிவாளை வைத்துவிட்டுக் குதித்திருந்தால் அவரும் வெறுங்கையோடு அந்த ஈர முடிச்சோடு மல்லுக்கட்டியிருப்பார். யோசித்து எடுத்துப்போனாரா என்று பின்னால் ஒருநாள் கேட்டேன். "இடுப்புல இருந்துச்சு சாமி, எடுத்து வைக்க நேரமில்ல" என்றார்.

அடுத்த வருசம் மழை இல்லை. சித்திரையில் கெணறு வற்றியதும் பெரியப்பா தூர் வார ஆள் விட்டார். சேத்தோடு சேத்தாக ரெண்டு வாளி, ஒரு பித்தளைச் செம்பு, நாங்கள் வருசக்கணக்கில் போட்ட கல்லுங்க ஏழெட்டு மேலே வந்தன. அதில் ஒன்றில் மட்டும் கயிறு சுற்றியிருந்தது. தேங்காநார் அவ்வளவு சீக்கிரம் மக்காது. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன், வரவில்லை.